இடது பக்கக் கிழிசல்

கோயிம்ப்ராப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் தன் அங்கியைத் துவைக்க மாட்டான். தோளிலிருந்து கணுக்கால் வரை விழுகிற அந்தக் கறுப்பு அங்கி, தைத்து வாங்கிய நாளிலிருந்து மழை, ஒயின், சிகரெட் புகை, ஆற்றங்கரைச் சேறு என்று எல்லாவற்றையும் குடித்துக்கொண்டு கடைசிப் பரீட்சைவரை அப்படியே கிடக்கும். கீழ் ஓரத்தில் கிழிசல்களும் இருக்கும். வலது பக்கம் நண்பர்கள் கிழிப்பது. முதுகுக்கு நேரே, நடுவில், காதலிக்கிற பெண் கிழிப்பது. இடது பக்கம் வீட்டு மனுஷர்களுக்கு. கத்தி, கத்தரி கூடாது. பல்லால் கடித்துத் தொடங்கி, கையால் இழுக்க வேண்டும்.

டெல்ஃபிமின் அங்கியில் வலது ஓரம் தோரணம் மாதிரி தொங்கும். நடுவில் ஒன்றுமில்லை. "துணி சும்மா வேஸ்ட்டாப் போகுதுடா, ஒருத்திகூடவா உன்னைப் பார்க்கல?" என்று அறை நண்பன் வால்டெமார் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் கேட்பான். இடது பக்கம் ஒரே ஒரு கிழிசல். அது அவன் அப்பா கிழித்தது.

அப்பா எவரிஸ்ட்டோ ஆட்டுக்காரர். எஸ்த்ரேலா மலைக்குப் பின்னால் ஒரு சரிவில் வீடு, கொஞ்சம் திராட்சை, கொஞ்சம் உருளைக்கிழங்கு. அந்த வீட்டில் டெல்ஃபிமுக்கு முன்னால் யாரும் தங்கள் பேரைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகியதில்லை. அவன் சட்டம் படிக்க வந்த நான்காம் வருஷம், மே மாத மாணவர் ஊர்வலம் பார்க்க அப்பா வந்தார். அம்மா லியோனில்டா வரவில்லை. இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் ஆடுகளை யார் பார்ப்பது?

மேட்டிலிருக்கிற பல்கலைக்கழகத்துக்குப் போகும் படிக்கட்டில் அப்பா மூச்சு வாங்க நின்றபோது கோபுர மணி அடித்தது.

"அந்த மணிக்கு என்ன பேரு தெரியுமாப்பா? வெள்ளாடு."

"வெள்ளாடா?" அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "நானும் பொறந்ததுலேர்ந்து மேய்க்கிறேன். ஒண்ணுகூட இவ்ளோ உசரம் ஏறுனதில்லடா."

பல்கலைக்கழக இரும்பு வாசலுக்கு முன்னால் வால்டெமார் அங்கியின் இடது ஓரத்தைப் பிடித்து அவரிடம் நீட்டினான். "கிழிங்கப்பா."

"இதையா? நல்ல துணியால்ல இருக்கு."

"நல்ல துணியைத்தான் கிழிக்கணும்."

அப்பா பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். சுற்றி நின்ற பையன்கள் எல்லாரும் கத்தினார்கள். பல்லால், பல்லால்! அப்பா வாயைத் திறந்து காட்டினார். முன்பல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "எதாலடா கடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, இடது கடைவாயில் துணியைத் திணித்து, ஆடு கொப்பிலிருந்து இலையை இழுப்பதுபோல் தலையைச் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தார். ஓரம் விட்டுக்கொடுத்தது. மிச்சத்தைக் கையால் கிழித்தார். ஒரு சாண் நீளம். பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். அவர் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே மகன் காதருகே வந்து சொன்னார்: "நூலு மாட்டிக்கிச்சு. இதை உங்கம்மாகிட்ட சொல்லித் தொலைச்சுராத. முழுத் துணியக் கிழிச்சேன்னு தெரிஞ்சா அன்னைக்கே என்னைக் கொன்னுருவா."

லியோனில்டா ஊரில் தையல் வேலை பார்க்கிறவள். புதுசு தைப்பதைவிடக் கிழிந்ததைச் சேர்ப்பதுதான் அதிகம். கிழித்தால் அவளுக்குத் தாங்காது என்பது நியாயம்தான். டெல்ஃபிம் சொல்லவில்லை.

மறு வருஷம் மார்ச்சில், மாணவர் உணவகத்தில் சூப்புத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஃபோன் வந்தது. கித்தேரியா அத்தை.

"டெல்ஃபிம்... டிராக்டரு சரிவுல கவுந்துருச்சுடா. உங்கப்பா அடியில..."

"சரி அத்தை," என்றான் அவன்.

ஃபோனை வைத்துவிட்டு சூப்பைக் குடித்தான். கீரை பல்லில் மாட்டியது, எடுத்தான். சோள ரொட்டியையும் தின்று முடித்தான். எதிரே இருந்த வால்டெமார் "யாருடா?" என்று கேட்டான்.

"அத்தை. அப்பா செத்துட்டாராம். நாலு மணி பஸ்ஸுக்குப் போகணும்."

வால்டெமார் ஸ்பூனைப் போட்டுவிட்டான். அவன் அசோர்ஸ் தீவுக்காரன், பெரிய உடம்பு, எதற்கும் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவன்தான் அழுதான். டெல்ஃபிம் இரண்டு பேர் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான்.

துக்கத்தில் இருக்கிற மாணவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, சட்டையின் வெள்ளை ஒரு துளிகூடத் தெரியாமல், அங்கியை முன்னால் இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அவன் ஊரில் இறங்கினான். தலையும் கையும் தவிர எல்லாம் கறுப்பு. மாதா கோயில் வாசலில் நின்ற கிழவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "படிச்சவங்க சாவுக்குன்னே தனியாத் தைச்சு வச்சிருப்பாங்க போல," என்றார் ஒருவர். இன்னொருவர் கையைப் பிடித்து, "வருத்தப்படாதீங்க டாக்டர்," என்றவர் கையை விடாமலே, "இந்த முட்டி மடக்க முடியல, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். பட்டம் வாங்குகிற எல்லாரும் எங்கள் நாட்டில் டாக்டர்தான். பட்டம் வாங்குவதற்கு முன்னாலேயே ஊர் அவனுக்கு அதைக் கொடுத்துவிட்டிருந்தது. "நான் சட்டம் படிக்கிறேன்," என்றான். "படிக்கிறீங்கல்ல," என்றார் அவர். டெல்ஃபிம் முட்டியைத் தொட்டுப் பார்த்து, வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொன்னான்.

பெட்டியைத் தோளில் தூக்கும்போது அது கனக்கிறது என்று மட்டும் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. மண் போடும்போது மண் ஈரமாக இருக்கிறதே என்று நினைத்தான். அம்மா அவன் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை சூடா குளிர்ச்சியா என்று பிறகு யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் கித்தேரியா அத்தை அம்மாவிடம் சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

"லியோனில்டா, உன் புள்ள பெட்டியத் தூக்கினப்ப கீழ ஒரு சாணுக்கு ஆன்னு கிழிஞ்சு தொங்குது. ஊர் பூராத்துக்கும் ஒட்டுப் போடுறவ புள்ள, அப்பனைப் பொதைக்கக் கந்தலோட வந்துருக்கானேன்னு பின்னாடி பேசுறாங்க."

அம்மாவின் நடை கொஞ்சம் வேகமானது.

மறுநாள் டெல்ஃபிம் மத்தியானம் தாண்டித் தூங்கினான். எழுந்து வெளியே வந்தபோது கொடியில் விரிப்புகளுக்கு நடுவே அங்கி காய்ந்துகொண்டிருந்தது. சோப்பு வாசம். நாலரை வருஷம் அந்தத் துணியில் இருந்ததெல்லாம் துவைகல்லில் ஓடிவிட்டிருந்தது. இரண்டடி தள்ளி அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அழுத முகம்தான். ஆனால் வேலை செய்து முடித்தவளின் நிம்மதியும் அதில் இருந்தது.

"என்னா அழுக்குடா அது! தொட்டித் தண்ணிய மூணு தடவை மாத்துனேன். மூத்திரம் போற சந்துல கெடந்த மாதிரி நாத்தம்."

"ம்."

"வலது பக்கம் நார் நாராக் கெடக்கு, அது எங்கிட்டு மாட்டுச்சோ. அதைத் தைக்க நூல் காணல. சாவுக்குக் கையில கட்டுற பட்டியெல்லாம் தைச்சதுல கறுப்பு நூல் தீந்துபோச்சு. இருந்த நூலுக்கு இடது பக்கம் ஒண்ணைத் தைச்சுட்டேன். அந்தப் பக்கந்தான ஊரு பார்த்துச்சு? இப்பப் பார்க்கச் சொல்லு உங்கத்தைய."

அவன் போய் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். விரலால் தடவினான். எங்கே கிழிந்திருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றான், பஸ்ஸுக்கு நிற்பதுபோல. வரவில்லை.

"நல்லா இருக்கும்மா," என்றான்.

அம்மா முதல் தடவையாக அந்த இரண்டு நாளில் லேசாகச் சிரித்தாள். "தெரியவே தெரியாதுல்ல?"

"தெரியவே தெரியல."

கோயிம்ப்ராவுக்குத் திரும்பியதும் வால்டெமார் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு உடனே விலகினான். "சோப்பு வாசம் அடிக்குது!" குனிந்து ஓரத்தைப் பிடித்தான். "எங்கடா அப்பாவோடது?"

"அம்மா தைச்சுட்டாங்க."

"தைச்சு... கடவுளே. அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அப்பா சொல்ல வேண்டாம்னாரு."

வால்டெமார் மேஜை விளக்கை இறக்கி, மூக்கு துணியில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தான். ஒரு முனை கிடைத்தால் பிரித்துவிடலாம் என்று நகத்தால் கீறினான். கிடைக்கவில்லை. "என்ன அம்மாடா உங்கம்மா? தோல் சேர்ந்த மாதிரில்ல சேர்ந்துருக்கு!"

"விடுறா."

"அம்மாவ வரச் சொல்லு. அவங்களே மறுபடி..."

"சொன்னா தைச்சது எதைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுரும். வேண்டாம். விடு."

டெல்ஃபிம் விட்டது போலத்தான் இருந்தான். ஆனால் அவனுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்த அந்த மாதங்களில், விருப்பம் என்று சொல்ல மிச்சமிருந்தது அது ஒன்றுதான். படிப்பை முடித்து இந்த வாசலை விட்டுப் போகும்போது இடது பக்கம் திறந்திருக்க வேண்டும். அந்தச் சரிவிலிருந்து ஒருத்தன் இங்கே வந்து படித்து முடித்தான், அவனுக்கு அப்பன் என்று ஒருவர் இருந்தார், அவர் வந்தார், கடித்தார் என்பதற்கு அந்த ஒரு சாண் கிழிசலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இடது பக்கம் மூடிய அங்கியோடு போகிறவன் யாருமில்லாதவன். அப்படிப் போவது, இல்லையென்றால் அம்மாவிடம் போய் நீ தைத்தது அப்பாவின் கையெழுத்தை என்று சொல்வது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தான். அம்மா அன்று சிரித்தது ஞாபகம் வந்தது. மூடியே இருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

படித்தான். சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே படித்தான். மனசு குறுக்கே வராதபோது சட்டம் படிப்பது சுலபம்.

கடைசியாக மிச்சமிருந்தது வாரிசுரிமைச் சட்டம், வாய்மொழித் தேர்வு. ஜூலை வெயில். யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். உள்ளே நுழைந்தவன் கடைசி பெஞ்சைப் பார்த்துவிட்டு நின்றுபோனான். கறுப்பு உடை, கறுப்புத் தலைத்துணி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அம்மா. பக்கத்தில் வால்டெமார், கூரையைப் பார்த்தபடி.

பேராசிரியருக்கு அவன் அப்பா செத்தது தெரியாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வாரிசுரிமை எப்போது திறக்கிறது?"

"இறக்கிற கணத்தில்."

"எங்கே?"

"இறந்தவர் கடைசியாகக் குடியிருந்த இடத்தில்."

"மகனுக்கு என்ன வரும்?"

டெல்ஃபிம் சொன்னான். மனைவிக்கு எவ்வளவு, மகனுக்கு எவ்வளவு, உயில் எழுதினாலும் பறிக்க முடியாத பங்கு எது, எல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. குரல் எங்கோ ரேடியோவில் வருவதுபோல் அவனுக்கே கேட்டது. பின்னால் அம்மா ஒவ்வொரு பதிலுக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இருபதுக்குப் பதினாலு. அந்தத் துறையில் அது கண்ணியமான மார்க். அவன் இப்போது பட்டதாரி. சந்தோஷமாக இருக்க வேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. தலையாட்டிவிட்டு வெளியே வந்தான்.

அம்மா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டியேடா! அந்தாளு கேக்கக் கேக்க நீ டக்கு டக்குனு..." அந்தப் பக்கம் போன யாரோ ஒருவரை நிறுத்தி, "என் பையன். முடிச்சுட்டான்," என்றாள். அவர் தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியைத் தூக்குவதுபோல் செய்துவிட்டுப் போனார்.

இரும்பு வாசலில் நண்பர்கள் காத்திருந்தார்கள். படிப்பை முடித்தவன் உடம்பில் இருக்கிற துணியை அங்கேயே கிழித்தெறிய வேண்டும், அங்கியைத் தவிர. வால்டெமார் தயங்கினான். "துக்கம் இருக்கு. வேண்டாம்னா விட்டுர்றோம்டா."

"கிழிங்க," என்றான் டெல்ஃபிம். கிழித்தால் என்ன, கிழிக்காவிட்டால் என்ன.

அங்கியை ஒருத்தன் வாங்கிக்கொண்டான். மற்றவர்கள் பாய்ந்தார்கள். கோட்டுக் கை போனது. சட்டை முதுகு போனது. பொத்தான்கள் கல்தரையில் உருண்டன.

அம்மா அலறினாள். "டேய்! டேய்! பாவிகளா! அது நான் தைச்ச சட்டைடா! பேன்ட்டை விடுங்கடா, போன வருசம் எடுத்தது! வால்டெமாரு, உன்னை நல்ல பையன்னு நெனச்சு நீ கூப்பிட்டதும் வந்தேனே!"

"சடங்கும்மா, சடங்கு!"

"உங்க சடங்குல நெருப்பு வைக்க!"

அவள் கூட்டத்துக்குள் குனிந்து துண்டு துண்டாகப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள், சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில். கடைசியில் காலர் பட்டையும் மணிக்கட்டில் சட்டைக் கைநுனியின் இரண்டு வெள்ளை வளையமும் மட்டும் மிச்சமாக அவன் நின்றபோது, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் அவளே அங்கியைப் பிடுங்கி அவன் மேல் போட்டாள்.

வால்டெமார் இடது ஓரத்தைப் பிடித்து அவளிடம் நீட்டினான்.

"இப்ப நீங்க கிழிக்கணும்மா. இடது பக்கம் வீட்டுக்காரங்களுக்கு. பல்லால."

"வால்டெமார், வேண்டாம்," என்றான் டெல்ஃபிம்.

"நானா? கிழிக்கிறதா?" அம்மா சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஓரத்தை வாங்கினாள். கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவினாள். ஒரே இடத்தில் விரல் நின்றது. "இங்கதான கிழிஞ்சுருந்துச்சு. நான் தைச்சேன்." நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். "இடது பக்கம் வீட்டுக்காரங்கன்னா... இதை யாருடா கிழிச்சது?"

டெல்ஃபிம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பாவா?"

"ம்."

"பல்லாலயா? அந்த மனுசனுக்கு ஏது பல்லு?"

"இடது கடைவாய்ல."

அம்மா அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கியின் ஓரம் அவள் கையிலேயே இருந்ததால் அவனும் இரண்டடி முன்னால் வர வேண்டியிருந்தது.

"போன வருசம் மே மாசம் இங்கேர்ந்து வந்தவரு, சூப்புக் குடிக்கையில பல்லுலேர்ந்து ஒரு கறுப்பு நூலை உருவுனாரு. என்னயா இதுன்னேன். கோயிம்ப்ராவுல ஒரு ஆட்டுக்கறி போட்டாங்க, கடிக்க முடியல, மயிரு மாட்டிக்கிச்சுன்னாரு. நானும் அவங்க ஊர்ல ஆட்டை உரிக்காமலா சமைக்கிறாங்கன்னு கேட்டேன்." அங்கி ஓரத்தை மடியில் வைத்து நீவினாள். "ஆமாங்குறாரு."

யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அம்மா முகத்தைத் துடைக்கவில்லை. வழிந்தது வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நல்லாத் தைச்சிருந்தீங்கம்மா," என்றான் அவன்.

அம்மா பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். எடுத்தவள் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே திரும்ப உள்ளே போட்டாள். ஓரத்தை வாயில் வைத்தாள். தான் தைத்த இடத்திலேயே கடித்தாள். இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். "ரெட்டை நூலு," என்றாள் துணியைக் கவ்விக்கொண்டே, எரிச்சலாக, வேறு யாரோ தைத்ததைத் திட்டுவதுபோல. மூன்றாவது தடவை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைவாயில் திணித்து, இரண்டு கையாலும் இழுத்தாள்.

டர்ரென்று கிழிந்தது. ஆனால் தையல் விடவில்லை. தையலுக்கு ஒரு விரல் தள்ளி, முழுசாக இருந்த இடத்தில்தான் துணி விட்டது. ஒரு சாணுக்கு மேலேயே போய்விட்டது. அந்தக் கிழிசலுக்குப் பக்கத்தில் இப்போதுதான் பழைய தையலும் கண்ணுக்குத் தெரிந்தது. இழுத்த இழுப்பில் மெலிசாக ஒரு கோடு எழும்பியிருந்தது.

"தப்பான எடத்துல கிழிச்சுட்டேன்," என்றாள் அம்மா. நாக்கால் பல்லைத் துழாவினாள்.

டெல்ஃபிம் குனிந்து பார்த்தான். கோடு ஒன்று, கிழிசல் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். ஆற்றிலிருந்து சாயங்காலக் காற்று படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்தது. இடது பக்கம் புதிதாகத் திறந்த வழியில் நுழைந்து அவன் காலைத் தொட்டது. கெண்டைக்கால் மயிர் சிலிர்த்தது. அவன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். மேலே வெள்ளாடு அடித்தது.

"குளிருதும்மா," என்றான்.

"குளிராம? ஒட்டுத்துணி இல்லாம நடுத்தெருவுல நின்னா?" அம்மா எழுந்து, பையிலிருந்த கந்தல்களுக்கு அடியில் கையை விட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சோள ரொட்டியை எடுத்து ஒரு துண்டு பிய்த்து அவன் கையில் வைத்தாள். பிறகு அங்கியை அவன் கழுத்துவரை இழுத்து மூடினாள். கீழே இடது பக்கத்தை மட்டும் மூடவில்லை.